கோடையில் பூச்சிகள் தேடுவது தண்ணீரை

துவரை அறுவடை முடிந்த வீடுகளில் செம்மண் கரைத்து, பருப்பாக உடைக்கும் முன் துவரையை அதில் புரட்டி வெயிலில் காயவைப்பது பழைய வழக்கம். செம்மண் கட்டிய துவரையைப் பானையில் கொட்டி மூடினால் மாதக்கணக்கில் வண்டு அண்டாது. செம்மண்ணுக்குப் பதில் சாம்பல் போடுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் விஷம் கிடையாது. பிறகு வண்டு ஏன் சாகிறது?

தாகத்தால் சாகிறது. பூச்சியின் உடம்பு சின்னது. உடம்பு சிறியதாக ஆக, உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெளித்தோலின் பரப்பு மிக அதிகம். ஈரத்துணியைச் சுருட்டி வைப்பதற்கும் விரித்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. விரித்த துணி சீக்கிரம் காயும். பூச்சி அப்படிக் காய்ந்து போகாமல் காப்பது அதன் தோலின் மேல் இருக்கும் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு. நுண்ணிய தூள் அந்த மெழுகைச் சுரண்டும், உறிஞ்சவும் செய்யும். மெழுகு போன இடத்தில் உடம்பின் ஈரம் ஆவியாகிவிடும். இங்கிலாந்தின் பூச்சியியலாளர் விகிள்ஸ்வர்த் 1940களில் இதைச் சோதனை செய்து காட்டினார். நம் வீட்டுப் பெண்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

கோடைக்கு வீட்டையும் தோட்டத்தையும் தயார் செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் துவரைக் கதையைத்தான். பங்குனி, சித்திரையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது பூச்சிகளுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய தேவை தண்ணீர். தோட்டத்தில் ஈரம் வற்றியதும் அவை ஈரம் இருக்கும் இடத்துக்கு வருகின்றன. பெரும்பாலும் அது நம் வீடுதான். இன்னொரு பக்கம், பூச்சிகளின் உடம்புக்குச் சொந்தச் சூடு இல்லை. வெளியே சூடு ஏற ஏற, ஓர் எல்லை வரை, அவற்றின் வளர்ச்சி வேகமாகும். முட்டையிலிருந்து முழுப்பூச்சி ஆகும் நாட்கள் குறையும். ஆக, கோடையில் தண்ணீர் கிடைத்த பூச்சி மளமளவென்று பெருகும், கிடைக்காதது செத்துப்போகும். இந்த மூன்று மாதத்தில் ஒழுகும் குழாயைச் சரிசெய்வது பல மருந்துகளைவிட அதிகம் செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமையலறையிலேயே தொடங்கலாம். அலமாரி இடுக்கில் ஓடும் சின்னப் பழுப்புக் கரப்பான் ஜெர்மன் கரப்பான். தண்ணீர் மட்டும் கிடைத்தால் அது சாப்பாடே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் கூட உயிரோடு இருக்கும். சாப்பாடு இருந்து தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரத்தைத் தாண்டுவது கஷ்டம். அதனால் இரவில் சிந்திய பருக்கையைத் துடைப்பது மட்டும் போதாது. சிங்கைத் துடைத்துக் காயவிட வேண்டும், ஈரக் கரித்துணியைப் பிழிந்து கொடியில் போட வேண்டும், சிங்குக்குக் கீழே குழாய் மூட்டு கசிகிறதா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரே அடித்தால் என்ன ஆகிறது? கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இருக்கும் நஞ்சைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. அது பூச்சியின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி மல்லாந்து விழும். எதிரில் அகப்பட்ட கரப்பானுக்கு இது சரி. ஆனால் பெண் கரப்பான் வயிற்றின் பின்னால் சுமக்கும் முட்டைப்பைக்குள் மருந்து எளிதில் நுழையாது. ஒரு பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். மருந்து வாடை பட்ட மற்ற கரப்பான்கள் சுவருக்குள்ளும் பக்கத்து வீட்டுக்கும் கலைந்து போய்விடும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கரப்பான் தின்னும் விஷ இரையான ஜெல்லைப் பொட்டுப் பொட்டாக இடுக்குகளில் வைக்கிறார்கள். அது உடனே கொல்லாது. தின்ற கரப்பான் தன் பொந்துக்குத் திரும்பிய பிறகுதான் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடம்பையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, இரண்டு செலவும் வீண். ஜெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் சில ஜெர்மன் கரப்பான்கள் குளுக்கோஸ் கலந்த இரையைத் தொடாமல் போவதை 1993இல் கண்டுபிடித்தார்கள். இருபது ஆண்டு கழித்துக் காரணமும் தெரிந்தது. அந்தக் கரப்பான்களின் நாக்கு போன்ற உறுப்பில், கசப்பை உணரும் நரம்பே குளுக்கோஸுக்கும் துடிக்கிறது. இனிப்பு அவற்றுக்குக் கசக்கிறது! இரையைத் தின்றவை செத்து, முகம் சுளித்தவை பிழைத்துப் பெருகியதால் வந்த மாற்றம். ஒரே ஜெல்லை வருடக்கணக்கில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வது இதனால்தான்.

கோடைத் திட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது கொசுவைப் பற்றி. ‘வெயில் காலத்தில் கொசு எங்கே?’ என்று கேட்பார்கள். சாக்கடைத் தேக்கத்தில் வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்கு வெயிலில் இடம் குறையலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வேறு ரகம். அது தேடுவது தெளிந்த தண்ணீரை. லாரித் தண்ணீரைப் பிடித்து ட்ரம்மிலும் குடத்திலும் சிமென்ட் தொட்டியிலும் நாம் சேர்த்து வைக்கும் காலம் கோடை. வெளியே குட்டை வறண்டு கிடக்க, வீட்டுக்குள் நாமே அதற்குக் குளம் வெட்டிக் கொடுக்கிறோம்.

ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் தீர்ந்து ட்ரம் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மறுபடி நீர் ஏறி நனைந்ததும் பொரியும். அதன்பின் இந்தச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரம் ஒரு நாள் பாத்திரங்களைக் காலி செய்யச் சொல்லும் கணக்கு இந்த நாட்களிலிருந்துதான் வந்தது. ஆனால் காலி செய்தால் மட்டும் முட்டை போகாது. தேங்காய் நார் கொண்டு உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே, அழுத்தித் தேய்க்க வேண்டும். நிறைய வீடுகளில் தவறவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். பிரிட்ஜின் பின்புறம் கீழே நீர் சேரும் தட்டு, ஏ.சி. நீர் சொட்டும் வாளி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பறவைகளுக்கு மாடியில் வைக்கும் மண்சட்டி எல்லாம் இதே கணக்கில் சேரும். பறவைக்குத் தண்ணீர் வைப்பதை நிறுத்த வேண்டாம், சட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள்.

மாடித் தொட்டியும் கிணறும் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசுவுக்குப் பிடித்த இடங்கள். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்த வகைதான். மூடி இருந்தால் போதாது, இடுக்கில்லாமல் மூட வேண்டும். காற்றுக்குழாய் வாயில் வலைத்துணி கட்ட வேண்டும்.

தேய்க்கவோ காலி செய்யவோ முடியாத அலங்காரக் குட்டை, பழைய தொட்டி மாதிரி இடங்களுக்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976இல் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா அது. பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையமும் உள்ளூர் வகை ஒன்றை எடுத்து மருந்தாக்கியிருக்கிறது. இந்தப் பாக்டீரியா தன்னுள் புரதப் படிகங்களை வைத்திருக்கும். கொசுப்புழு தண்ணீரை வடிகட்டித் தின்னும்போது படிகமும் உள்ளே போகும். புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில்தான் படிகம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், புரதம் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடமும் நம் குடலில் இல்லை. மீனுக்கும் தவளைக்கும் தேனீக்கும் அதனால் தொந்தரவு இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கூட்டுப்புழு ஆன பிறகு கொசு எதையும் தின்னாது. அந்த நிலையில் பி.டி.ஐ. போட்டுப் பயனில்லை. புழு சின்னதாக இருக்கும்போதே போட வேண்டும்.

தோட்டத்துக்கு வருவோம். வெயில் ஏறியதும் செம்பருத்தித் தளிரில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி படரும். மழைக்காலத்தில் அடித்துப் பெய்யும் மழையே அதைக் கழுவிவிடும், கோடையில் கழுவ ஆளில்லை. அது செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்ச இனிப்பைத் தேன்துளியாக வெளியே விடுகிறது. அந்தத் துளிக்காக எறும்பு வருகிறது. வந்த எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் காக்கிறது, அதைத் தின்னும் பொறிவண்டையும் அதன் உடம்பில் முட்டையிடும் குட்டிக் குளவியையும் விரட்டுகிறது. செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அதைப் போலவே சாறு உறிஞ்சும் அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். மருந்தை எடுப்பதற்கு முன், சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளைகளை வெட்டி, தண்டைச் சுற்றி எறும்பு ஏற முடியாதபடி பசை தடவிய துணியைக் கட்டிப் பாருங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவுப்பூச்சியை அடித்துத் தள்ளுங்கள். காவல் போனால் பொறிவண்டுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பெரிய சாட்சி நம்மிடமே உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களைச் சீரழித்தது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து வளர்த்து விட்டார்கள். அவற்றில் அசிரோஃபேகஸ் என்ற வகை, கடுகைவிடச் சின்னது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டது. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தத் தோட்டங்களில் தொடர்ந்து மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்தக் குளவிதான். வேம்பும் புங்கமும் பூத்துத் தேனீ மொய்க்கும் மாதமும் இதுவே என்பதால், அடித்தே ஆக வேண்டுமென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலம், பூவில் படாமல் அடியுங்கள்.

கடைசியில் கரையான். வேலை செய்யும் கரையானின் தோல் மிக மெல்லியது, வெயிலில் சற்று நேரம் விட்டாலே வற்றிவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி, அந்த ஈரத்துக்குள்ளேயே நடக்கிறது. மாமரப் பட்டையில் மண் பூசியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரும்பாலும் காய்ந்த வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. வீட்டுச் சுவரில் ஏறும் மண்குழாய் வேறு விஷயம். அதன் நடுவில் ஒரு சாண் அளவு சுரண்டிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. சுவரோரம் அடுக்கிய விறகை நகர்த்துவது, குளியலறைக் கசிவை அடைப்பது எல்லாம் நம்மாலேயே முடியும். மண்ணுக்குள் மருந்து செலுத்தும் வேலையை மட்டும் பழகிய ஆளிடம் விடலாம். என்ன மருந்து என்று கேளுங்கள். கரையானுக்கு வாடை தெரியாத ரகமாக இருந்தால், அதில் நடந்த கரையான் கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் கோடை மழை பெய்யும். மண் நனைந்ததும் புற்றிலிருந்து இறகு முளைத்த கரையானான ஈசல் கிளம்பி விளக்கைத் தேடி வரும். அன்றைக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வந்தவற்றைப் பல்லியும் காக்கையும் தீர்த்துவிடும். காலையில் எழுந்து உதிர்ந்த இறகுகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். வாசலில் கிடந்தால் வெளியிலிருந்து வந்தவை, கூட்டித் தள்ளலாம். சன்னல் கதவெல்லாம் சாத்தியிருந்தும் உள்ளறையில், நிலைப்படிக்குக் கீழே குவியலாகக் கிடந்தால், நிலையை விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே சத்தம் பொள்ளலாகக் கேட்கிறதோ, கரையான் அங்கே இருக்கிறது.