கதவு சாத்தியிருக்கு, பிள்ளை படிக்குது

2021 ஜனவரி நடுப்பகுதி. கொரோனா லொக்டவுனால் இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்கள் மூடி, வகுப்பெல்லாம் ஒன்லைனில் நடந்த நேரம். ஒரு அம்மா போன் எடுத்தார். "மிஸ், எங்கட பெடியனால பிரச்சினை ஒண்டும் இல்லை. விடிய எட்டரைக்கு அறைக் கதவைச் சாத்தினா இரவு வரைக்கும் படிப்புத்தான். நாங்கள் ஒரு கரைச்சலும் குடுக்கிறேல்லை. சாப்பாட்டையும் கதவடியில வைச்சிட்டு வந்திடுவன்." அப்படியிருக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏன் கடிதம் வந்தது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. அந்தப் பெடியன் இரண்டு கிழமையாக ஒரு பாடத்திலும் வேலை ஒப்படைக்கவில்லை. காலை 8.45க்கு ரீம்ஸ் என்கிற ஒன்லைன் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது கட்டிலில் கிடந்தபடியே ‘யெஸ் மிஸ்’ என்று ரைப் பண்ணிவிட்டுப் போர்வையை இழுத்துவிடுவான். எழும்புவது மத்தியானம் இரண்டு மணிக்கு. கதவடியில் வைத்த சோறு அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபோர்மில் (பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வகுப்புகள், இயர் 12, இயர் 13) உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஹரோ, வெம்பிளிப் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ் கதைக்கிற ஆள் என்பதால் தமிழ்ப் பெற்றோரின் அழைப்புகளை என்னிடமே திருப்பிவிடுவார்கள். இங்கே எழுதுவதில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், சில இடங்களில் இரண்டு மூன்று குடும்பங்களை ஒன்றாக்கியும் இருக்கிறேன். அந்தச் சாத்திய கதவை மட்டும் மாற்றவில்லை. அந்த லொக்டவுனில் நான் கதைத்த வீடுகளில் முக்கால்வாசியில் அது இருந்தது.

படிக்கிற பிள்ளைக்கு நம் வீடுகளில் ஒரு தனி மரியாதை. கதவு சாத்தியிருந்தால் ரீவிச் சத்தத்தைக் குறைப்போம், சின்னதுகளை அதட்டுவோம், வந்த ஆட்களைக் குசினிக்குள் இருத்திக் கதைப்போம். பள்ளிக்கூடம் திறந்திருந்த காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. பிள்ளை பகல் முழுக்க ஆட்களோடு இருந்துவிட்டு வந்துதான் கதவைச் சாத்தியது. லொக்டவுனில் பகலும் அந்த அறைக்குள்தான். வகுப்பும் கூட்டாளிமாரும் கேமும் நித்திரையும் ஒரே கட்டிலில். மூன்று அறை வீட்டில் ஏழு பேர் இருந்தும் அந்தப் பிள்ளையின் முகத்தை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்த ஆள் இல்லை. ஆசிரியரும் பார்க்கவில்லை. கமரா நிறுத்தியிருக்கும், அவருக்குத் தெரிவது பெயரின் முதலெழுத்துப் போட்ட வட்டங்கள் மட்டும்.

இந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு தடவை வரிசையாக யோசித்துப் பாருங்கள். 2021 தொடக்கத்தில் இயர் 12இல் இருந்தவர்கள் அதற்கு முந்திய வருஷம் இயர் 11. அந்த வகுப்பின் முடிவில் வருகிற பொதுப் பரீட்சையான ஜிசிஎஸ்இக்கு ரிவிஷன் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 2020 மார்ச் 18 அன்று அந்தக் கோடையில் பரீட்சை இல்லை என்று அறிவித்தார்கள்; 20ஆம் திகதியோடு பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஓகஸ்டில் ஆசிரியர் மதிப்பிட்ட கிரேட் வந்தது. ஒரு பிள்ளைக்கு நல்ல கிரேட். அவளுடைய மாமா ஒருவர் வட்ஸ்அப் குழுவில் ‘இந்த வருஷம் எல்லாருக்கும் சும்மா குடுத்தவங்கள்தானே’ என்று பகிடியாக எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் என்னிடம் மூன்று வெவ்வேறு நாட்களில் சொன்னாள். பொதுப் பரீட்சை மண்டபத்துக்குள் ஒரு நாள்கூடப் போகாமல் ஏ லெவலுக்கு (பல்கலைக்கழகம் போக எழுதுகிற பரீட்சை) வந்தவர்கள் இவர்கள். தமக்கு உண்மையிலேயே ஏலுமா என்ற சந்தேகம் இவர்களுக்கு உள்ளே கிடந்தது.

இயர் 13 பிள்ளைகள் 2019இல் ஜிசிஎஸ்இ எழுதியவர்கள். ஆனால் தங்களுக்கு ஒரு வருஷம் முந்தியவர்களுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 2020 ஓகஸ்ட் 13 அன்று ஏ லெவல் முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் கிட்டத்தட்ட 39 வீதத்தை ஒரு கணினிச் சூத்திரம் குறைத்திருந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கு நாள் கழித்து, 17ஆம் திகதி, அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர் கிரேட்டையே ஏற்றுக்கொண்டது. அந்த நான்கு நாளும் மெடிசின் போய்விட்டது என்று அழுத வீடுகள் எனக்குத் தெரியும். பிறகு செப்டெம்பரில் வகுப்பு தொடங்கியது. ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த ‘பபிள்’ (ஒன்றாக இருக்க விட்ட பிள்ளைகளின் குழு) முழுக்க வீட்டுக்கு. 2021 ஜனவரி 4ஆம் திகதி இரவு பிரதமர் மறுபடியும் தொலைக்காட்சியில் வந்து பள்ளிக்கூடங்களை மூடினார். அந்த வருஷப் பரீட்சையும் இல்லை என்றானது.

"பரீட்சை இல்லையெண்டா நல்லதுதானே, ஏன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறாள்?" என்று ஒரு அப்பா கேட்டார். பரீட்சை என்றால் ஒரு நாள் எழுதுவோம், வெளியே வருவோம், முடிந்துவிடும். அந்த வருஷம் ஆசிரியர் வைக்கிற ஒவ்வொரு சின்னச் சோதனையும் கணக்கில் வருமோ என்ற பயம். முடிவு நாள் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கிரேட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுச் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கியது. யூகாஸ் (பல்கலைக்கழக அனுமதி) விண்ணப்பத்தில் போன ‘பிரெடிக்டட் கிரேட்’ ஒன்று. 2021 ஓகஸ்டில் கையில் வர இருந்த, ஆசிரியர் மதிப்பிட்ட கிரேட் வேறொன்று. முதலாவது, பிள்ளை நன்றாகச் செய்தால் எதுவரை போகலாம் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது, பிள்ளை உண்மையில் எழுதிக் காட்டிய வேலையை வைத்துப் போட்டது: மொக் (மாதிரிப் பரீட்சை), வகுப்புச் சோதனை, கோர்ஸ்வேர்க், பிறகு வைக்க இருந்த சோதனைகள். எந்த வேலைகளை ஆதாரமாக எடுக்கிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் போட்ட கிரேட்டை மட்டும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றிருந்தது. ஜூன் 18க்குள் பள்ளிக்கூடங்கள் கிரேட்டுகளை அனுப்பிவிட வேண்டியிருந்தது. ஓகஸ்ட் 10 ஏ லெவல் முடிவு நாளாக இருந்தது. ஆகவே ‘பிரெடிக்டட் ஏ ஸ்டார் எண்டு குடுத்தவை, பிறகென்ன’ என்று இருந்துவிடவும் வேண்டாம், கெமிஸ்ட்ரி ஆசிரியருக்கு இரவு பத்து மணிக்கு மின்னஞ்சல் அனுப்பி ஏ ஸ்டார் கேட்கவும் வேண்டாம் என்றுதான் பெற்றோரிடம் சொன்னேன். அப்படி அனுப்பிய அப்பாமார் இருக்கிறார்கள். பிள்ளைக்குத்தான் அடுத்த நாள் அந்த ஆசிரியரின் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

சரி, கதவுக்கு வருவோம். அதைத் திறக்க வைக்கப் பெற்றோர் வழக்கமாக எடுக்கிற ஆயுதம் குப்பி விளக்கு, யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் கொளுத்திய மண்ணெண்ணெய் விளக்கு. "நாங்கள் குப்பி விளக்கில படிச்சனாங்கள். ஷெல்லடிக்குள்ள ஏ.எல். எடுத்தனாங்கள். உனக்கு லப்டொப் இருக்கு, ஹீற்றர் இருக்கு, என்ன குறை?" ஊரிலும் ஏ.எல்., இங்கேயும் ஏ லெவல் என்பதால் இந்த ஒப்பீடு நாக்கு நுனியிலேயே நிற்கிறது. சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்ட பிள்ளை என்ன செய்யும்? தன் கஷ்டம் கஷ்டமே இல்லை என்று முடிவெடுத்து அதை இன்னும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும். அப்படிச் சொன்ன பிள்ளைகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் சொன்ன பெடியனின் அப்பாவுக்கு ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அவரும் குப்பி விளக்குக்காரர்தான். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வேலை முடிந்து வந்ததும் படுக்கப் போகாமல், எட்டு மணிக்குப் பிள்ளையை எழுப்பி அரை மணி நேரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், படிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஒரே வீட்டு ஆட்கள் உடற்பயிற்சிக்கு வெளியே போக லொக்டவுனிலும் தடை இருக்கவில்லை. அவருக்கு அது விசர்வேலையாகத்தான் பட்டிருக்கும், ஆனாலும் போனார்.

முதல் மூன்று நாளும் இரண்டு பேரும் பார்க்கைச் சுற்றிப் பேசாமல் நடந்தார்களாம். பெடியன் ஹூடிக்குள் தலையை விட்டபடி. புல்லெல்லாம் உறைபனி. நாலாம் நாள் அவனே கேட்டிருக்கிறான்: "அப்பா, உங்களுக்கு ஏ லெவல்ல என்ன ரிசல்ட்?" அவர் இதுவரை வீட்டில் சொல்லாத கதை அது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே யுத்தத்தால் ஊரை விட்டு எழும்பி நடந்த இரவு. அடுத்த வருஷம் ஏ.எல். எடுக்க வேண்டியவர். மழை. சைக்கிளில் அம்மம்மாவையும் ஒரு உரப்பையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போகிற நாவற்குழிப் பாலத்தில் ஆட்களோடு ஆட்களாக நின்றார். பிசிக்ஸ் நோட்ஸ் கொப்பிகள் வீட்டில் அலுமாரிக்கு மேலே. அந்தக் கொப்பிகளைப் பிறகு அவர் காணவே இல்லை. அந்த வருஷம் சோதனை எடுக்கவில்லை. எடுத்தபோது பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை.

"அது தெரியும் அப்பா, நீங்கள் குப்பி விளக்கில..." என்று பெடியன் தொடங்க, இவர் இடைமறித்திருக்கிறார். "இல்லையடா. விளக்கும் இல்லை, படிப்பும் இல்லை. தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்துக்குக் கீழ மாசக்கணக்கா சும்மா இருந்தனான். படிக்கச் சொல்லி ஐயா பேசினா எழும்பி அங்கால போயிடுவன்."

பெடியன் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தானாம். "நீங்களும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

இதை என்னிடம் போனில் சொல்லும்போது அந்த அப்பாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கிழமை அவன் மத்ஸில் ஒரே ஒரு வேலை ஒப்படைத்தான், அதுவும் பிந்தி. நடந்துவிட்டு வந்து திரும்பப் படுத்தாலும், எழும்புகிற நேரம் இரண்டு மணியிலிருந்து பதினொன்றுக்கு வந்தது, பிறகு ஒன்பதுக்கு. மாதக் கடைசியில் என்னோடு கதைக்க அவனே நேரம் கேட்டான். எனக்கு அது போதும்.

எல்லா வீட்டிலும் நடக்க நேரமோ தெம்போ இருக்காது, தெரியும். அம்மா கெயார் ஹோமில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறார். அப்படியானால் சாப்பாட்டைக் கதவடியில் வைக்காமல் கீழே கூப்பிடுங்கள், அவ்வளவுதான். ஒரு நேரச் சாப்பாடாவது மேசையில் இருக்கட்டும். வந்ததும் "படிச்சியா?" என்று தொடங்காதீர்கள். அதற்கு "ஓம்" என்று ஒரு சொல்லில் பதில் இருக்கிறது, கதை அதோடு முடிந்தது. "போனை எப்படி அப்டேட் பண்றது, காட்டு" என்று கேட்டால் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்கும். இரவில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், குசினியில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளையின் போனை மட்டும் பறித்தால் அது தண்டனையாகிவிடும்.

சாவு வந்த வீடுகள் தனி. செத்தவீட்டுக்கு 30 பேருக்கு மேல் போக முடியாத காலம் அது. ஒரு பிள்ளை தன் அம்மப்பாவின் கிரியைகளை லப்டொப்பில் ஸூமில் பார்த்தாள். அது முடிய இருபது நிமிடம் கழித்து அதே லப்டொப்பில், அதே மேசையில், பயோலஜி வகுப்பு. அவள் வகுப்புக்குப் போனாள். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. "அவள் கெட்டிக்காரி, தாங்கிட்டாள்" என்று பிறகு பெருமையாகவும் சொன்னார்கள். ஐந்து கிழமை கழித்து, ஏதோ ஒரு சின்னச் சோதனையில் பி வந்த அன்று, அந்த அழுகை முழுக்க வந்தது. வீட்டில் சாவு நடந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். மதிப்பீட்டுக்கு எடுக்கிற வேலை அந்த நாட்களில் செய்ததாக இருந்தால் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் என்னோடு கோபப்படுகிற ஒரு விஷயமும் உண்டு. "பிள்ளை உங்களிட்டச் சொன்னதை எங்களிட்ட ஏன் சொல்லேல்லை?" பதினாறு வயதானால் ஜீபியும் (குடும்ப வைத்தியர்) நானும் பிள்ளை சொல்வதை அதன் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அது வேறு, அப்போது சொல்வோம். இந்த உறுதி இல்லாவிட்டால் பிள்ளை எங்களிடமும் வாய் திறக்காது.

கோடையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிற பிள்ளை, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்கிற பிள்ளை: இவற்றைக் கண்டால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், "சாக வேணும் எண்டு யோசிக்கிறியா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டதும் நிம்மதியாக மூச்சுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரித்தானியாவில் உடனடி ஆபத்து என்றால் 999. பிள்ளை தானே கதைக்க சைல்ட்லைன் 0800 1111, சமரிட்டன்ஸ் 116 123. வாய் திறந்து சொல்லக் கஷ்டமென்றால் 85258க்கு மெசேஜ் அனுப்பலாம். எல்லாம் இலவசம். ஜீபியுடன் கதைக்கும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தன் நோயைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கிற பிள்ளை பாதியை விட்டுவிடும். ‘தமில் இன்டர்பிரிட்டர்’ என்று கேட்டால் அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் இலவசமாக ஒழுங்கு செய்யும்.

2021 மார்ச் 8, திங்கள், பள்ளிக்கூடம் மறுபடி திறக்க இருந்தது. தொடக்கத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுக் கொரோனாச் சோதனை, வகுப்பிலும் மாஸ்க். சில பிள்ளைகள் ஓடி வருவார்கள். சிலருக்கு அந்த அறையை விட்டு வரப் பயமாக இருக்கும். ஞாயிறு இரவு வயிற்றுவலி வந்தால் நடிப்பென்று எடுத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்தே நேரத்துக்கு எழுப்பத் தொடங்குங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவைத்தேன்.

அதற்கு முந்திய கிழமை அந்தப் பெடியனின் அம்மா மறுபடி போன் எடுத்தார். கிரேட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சிக்ஸ்த் ஃபோர்முக்குச் சூட் போட வேண்டும். டிசம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறான், காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறதாம். ஏப்ரல் 12 வரை உடுப்புக் கடைகள் திறக்காதே, என்ன செய்வது என்று கேட்டார். மடிப்பை அவிழ்த்துப் பாருங்கள், இரண்டு அங்குலமாவது உள்ளே இருக்கும் என்றேன்.

"இந்த அறைக்குள்ள இருந்துகொண்டே எப்ப மிஸ் இவ்வளவு வளர்ந்தவன்?" என்றார்.