பாலைவனத்து மைதானத்தில் நமுக்க வைத்த பந்து

அமெரிக்க பேஸ்பால் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணி தன் மைதானத்தில் பந்துகளை ஈரப்பத அறையில் வைக்கிறதாமே, இது ஏமாற்று வேலை இல்லையா?"

இல்லை. அணியின் சொந்த மைதானம் ஃபீனிக்ஸ் நகரத்து சேஸ் ஃபீல்டு. கோடையில் வெயில் 43 டிகிரியைத் தாண்டும் ஊர். 1998-இல் கட்டும்போதே திறந்து மூடும் கூரையும் குளிர்சாதன வசதியும் வைத்தார்கள். வெயிலுக்கு அது போதும். வறட்சி வேறு சிக்கல்: பந்து காய்ந்துபோய், அடித்தால் கூடுதல் தூரம் பறக்கும்; அதைத் தடுக்கத்தான் ஈரப்பத அறை. ஜூன் மாதப் பிற்பகலில் ஈரப்பதம் 10 சதவீதம் அளவுக்கு இறங்குவது அங்கே சாதாரணம்.

ஈரக் காற்று கனமானது, அதனால்தான் பந்து தூரம் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நீர் மூலக்கூறு நைட்ரஜனை விட லேசு. ஈரக் காற்றில் பந்துக்குத் தடை கொஞ்சம் குறைவுதான். மாற்றம் நடப்பது பந்துக்குள்ளே.

நடுவில் தக்கை, அதைச் சுற்றி ரப்பர், அப்புறம் இறுகச் சுற்றிய கம்பளி நூல், மேலே மாட்டுத்தோல். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கம்பளிதான். ஆட்டு ரோமம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். மொறுமொறுப்பான முறுக்கு மழைநாளில் நமுத்துப் போகுமே, அதுபோலப் பந்தும் விறைப்பை இழக்கிறது. மட்டை படும் அந்த நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பந்து அமுங்கி மீள்கிறது. காய்ந்த பந்து வாங்கிய ஆற்றலில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பித் தரும். நமுத்த பந்துக்குள் இழைகள் ஒன்றோடொன்று உரசி, அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். எடையும் சற்றுக் கூடும். மட்டையிலிருந்து கிளம்பும் வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் குறைந்தாலே, உயர அடித்த பந்து ஏறத்தாழ 4 மீட்டர் முன்னதாக விழுந்துவிடும்.

2018-இல் சேஸ் ஃபீல்டில் பந்துகளை சுமார் 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே ஹோம் ரன்கள் (மைதானத்தின் எல்லைச் சுவரைத் தாண்டிப் பறக்கும் அடிகள்) கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. இரண்டு அணிகளும் அடிப்பது அதே பந்தைத்தான். ஒரு பக்கத்துக்குச் சாதகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 முதல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் 30 மைதானங்களிலும் இதே ஏற்பாடு.

முதலில் இதைச் செய்தது டென்வர் நகரத்தின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம், 2002-இல். அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர், வேட்டைக்குப் போட்டுப்போன தோல் பூட்ஸ் காய்ந்து சுருங்கியதைக் கவனித்து, பந்துக்கும் இதுதானே நடக்கும் என்று யோசித்தார். ஆய்வக அளவீடுகள் பின்னால் வந்து அதை உறுதிசெய்தன. இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேஸ் ஃபீல்டில் வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, அடிக்கும் இடத்திலிருந்து சுமார் 126 மீட்டர் தூரத்தில். ரசிகர்கள் தண்ணீரில் நின்றபடியே ஆட்டம் பார்த்து, பறந்து வரும் பந்துக்குக் கை நீட்டுவார்கள். முன்பு குளத்தில் விழுந்திருக்கக்கூடிய பந்துகளில் சில, இப்போது சுவரோரம் நிற்கும் வீரரின் கையுறைக்குள் போய்விடுகின்றன.