ரிசர்வ் பிரைஸ்: இருப்பு விலையா, காப்பு விலையா, கீழ்வரம்பு விலையா?

டொமைன் பெயர்களை, அதாவது இணையதளங்களின் முகவரிப் பெயர்களை, மறுவிற்பனை செய்யும் இணையச் சந்தைகளைப் பற்றித் தமிழில் வரும் வழிகாட்டிக் குறிப்புகளிலும் விளக்கக் காணொலிகளிலும், ஏலத்தில் ‘இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன்’ என்று விற்பவர் வைக்கும் எல்லையான ‘ரிசர்வ் பிரைஸ்’ என்பதை ‘இருப்பு விலை’ என்றே எழுதுகிறார்கள், சொல்கிறார்கள். ஒருமுறை கேட்டால் கடந்துபோகலாம். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் இடத்தில் இந்தப் பிழை நிலைத்துவிட்டதால், இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். ஒருவர் தம்மிடமுள்ள டொமைன் பெயரைச் சந்தையில் விற்பனைக்கு வைக்கும்போது பல விலைகளைக் குறிப்பிட நேரிடும். எவரும் உடனே பணம் கட்டி எடுத்துக்கொள்ளத்தக்க விலை ஒன்று. ‘இதற்குக் கீழே கேட்டால் எனக்கு அனுப்பவே வேண்டாம்’ என்று சந்தையின் அமைப்புக்குச் சொல்லி வைக்கும் தொகை இன்னொன்று. மூன்றாவது, விற்பவர் தம் மனத்துக்குள் வைத்திருக்கும் எல்லை. அதற்குக் கீழே எந்த நிலையிலும் பெயரைக் கொடுக்கமாட்டார். ஆஃப்டர்நிக் போன்ற சந்தைகளில் இந்த மூன்றாவது தொகை வாங்குபவரின் கண்ணில் படாது. பேரம் பேசும் தரகர் மட்டும் அதுவரை இறங்கி வந்து விற்பனையை முடிக்கலாம். அங்கே அதற்கு ‘ஃப்ளோர் பிரைஸ்’ என்று பெயர். ஏலமாக விடும்போது ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான் ‘ரிசர்வ் பிரைஸ்’. கேள்வி, அதாவது வாங்குபவர் ஏலத்தில் கேட்கும் தொகை, அந்த எல்லையைத் தொடாமல் ஏலம் முடிந்தால் விற்பவர் பெயரைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். தொட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும்.

இப்படியோர் எல்லை இந்தச் சந்தையில் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் போகும் மீனைப் பிற்பகல்வரை வைத்திருக்க முடியாது. கட்டுபடியாகாவிட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். டொமைன் பெயர் அழுகாது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டிவந்தால் போதும், நல்ல விலை வரும்வரை எத்தனை ஆண்டுகளும் காத்திருக்கலாம். காத்திருக்க முடிந்தவரால்தான் கீழே ஓர் எல்லையைப் போட்டுக்கொள்ள முடியும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். பின்னே என்னும் பொருள் தரும் ‘ரே’, காத்தல் என்னும் பொருள் தரும் ‘செர்வாரே’ ஆகிய இலத்தீன் கூறுகள் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் ‘ரிசர்வ்’. வெளியே விடாமல் தன்னிடம் வைத்துக்கொள்ளுதல் என்பதே அதன் அடிக்கருத்து. நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, ஏலத்தை ‘ரிசர்வ்டு’ விலைக்கோ ‘அப்செட்’ விலைக்கோ உட்பட்டு அறிவிக்கலாம் என்கிறது. அரசு ஏலங்களில் ‘அப்செட் பிரைஸ்’ என்று நாம் கேட்டிருப்பது இதைத்தான்.

இனி ‘இருப்பு விலை’க்கு வருவோம். தமிழில் இருப்பு என்றால் கையில் உள்ளது, கணக்கில் மீந்திருப்பது, கிடங்கில் அடுக்கியிருப்பது. வங்கி இருப்பு, ரொக்க இருப்பு, சரக்கு இருப்பு, நீர் இருப்பு என்று நாளும் புழங்கும் சொல் அது. அந்நியச் செலாவணி இருப்பு என்று எழுதும்போது ஆங்கிலத்தின் ‘ரிசர்வ்’ அங்கே சரியாக இருப்பாகிறது; ஏனென்றால் அங்கே உண்மையிலேயே ஒரு பொருள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏலத்தின் ‘ரிசர்வ்’ எதையும் சேர்த்து வைப்பதில்லை. ஓரிடத்தில் பொருந்திய சொல்லை, ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றன என்பதற்காகவே இன்னோரிடத்தில் ஒட்டவைத்தது தவறு.

இதனால் விளையும் குழப்பத்தை நான் நேரில் கண்டேன். அம்பத்தூரில் அச்சகம் நடத்தும் ஒருவர் தம் தொழிலின் பெயரிலேயே ஒரு டொமைனை ஏலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட தொகை விற்பவரின் எல்லையைத் தொடவில்லை. திரையில் வந்த தமிழ் வரி, ‘இருப்பு எட்டப்படவில்லை’. அவர் அதைத் தம் கணக்கில் போதிய பணம் இல்லை என்று புரிந்துகொண்டு, “என் கணக்குல இருப்பு குறையுதுன்னு காட்டுது சார், இன்னும் கொஞ்சம் பணம் போட்டுட்டேன், அப்பவும் அதேதான் வருது” என்றார். அவர் செய்ய வேண்டியிருந்ததோ கேள்வியை உயர்த்துவது. செய்ததோ கணக்கில் பணத்தை நிரப்புவது. தமிழ் தெரிந்தவர் தமிழை இயல்பாகப் படித்ததால் நேர்ந்த பிழை இது. எழுதியவரே இதற்குப் பொறுப்பு.

இதைவிட மோசமானது, கீழ் எல்லை வைக்காமல் விடும் ஏலத்துக்கு ‘இருப்பு இல்லை’ என்று எழுதுவது. ரங்கநாதன் தெருவில் எந்தக் கடையில் இந்த இரண்டு சொற்களை எழுதி வைத்தாலும் சரக்கு தீர்ந்துவிட்டது என்றே எவரும் படிப்பார்கள். ‘என்ன விலை வந்தாலும் கொடுத்துவிடுகிறேன்’ என்று விற்பவர் அழைக்கும் இடத்தில், ‘ஒன்றுமில்லை, போய்வாருங்கள்’ என்று தமிழ் திருப்பி அனுப்புகிறது.

சிலர் ‘ஒதுக்கீட்டு விலை’ என்கிறார்கள். வங்கிகள் அடமானச் சொத்துகளை 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் ஏலம் விடும்போது தரும் அறிவிப்புகளின் வழியாக இது பரவியிருக்கக்கூடும். ஒதுக்கீடு என்றதும் நம் காதில் விழுவது இட ஒதுக்கீடும் வீட்டுமனை ஒதுக்கீடும்தான். யாருக்கோ பங்காகத் தந்த விலை, அதாவது சலுகை விலை என்ற தோற்றத்தை அது தருகிறது. டொமைன் உலகில் இதற்கு இன்னுமொரு தடையும் இருக்கிறது. எவரும் பதிவு செய்ய முடியாதபடி ஒதுக்கி வைத்த பெயர்கள் அங்கே தனி வகை. எடுத்துக்காட்டுகளில் பயன்படுத்துவதற்கென்றே ‘எக்ஸாம்பிள்.காம்’ என்ற பெயரை 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கி வைத்தது. அதை யாரும் வாங்க முடியாது, விற்கவும் முடியாது. ‘ஒதுக்கப்பட்ட பெயர்’ என்பது இதற்கு மிகப் பொருத்தமான தமிழ். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிட வேண்டும். ‘ஒதுக்கீட்டு விலை’ என்று எழுதினால், ஒதுக்கிய பெயருக்கு ஒரு விலை போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பதில் வியப்பில்லை.

தனித்தமிழில் பற்றுள்ள நண்பர்கள் முன்வைக்கும் ‘காப்பு விலை’யை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது ஆராய்ந்து ஆக்கிய சொல். இலத்தீன் மூலத்தில் காத்தல் இருக்கிறது, விற்பவரின் நலனைக் காக்கும் விலை என்ற பொருளும் வருகிறது, சொல்லும் சிறியது. ஆனால் வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு. காப்பீடு, காப்புரிமை, காப்புத் தொகை, காப்பகம் என்று வளர்ந்துவிட்ட ஒரு சொற்குடும்பத்துக்குள் ‘காப்பு விலை’யை விட்டால், படிப்பவர் அதைப் பாதுகாப்புக்காகக் கட்டும் பணம் என்றே எடுத்துக்கொள்வார். டொமைன் பதிவு நிறுவனங்கள் சில, பெயருக்கு உரியவரின் விவரங்களை மறைத்து வைக்கும் சேவையையும் பெயர் களவுபோகாமல் காக்கும் சேவையையும் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன. இந்தச் சந்தையில் வணிகக்குறி வழக்குகளும் காப்புரிமைப் பேச்சும் எப்போதும் அருகிலேயே இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ‘காப்பு விலை 800 டாலர்’ என்று கண்டால், தாம் கூடுதலாகக் கட்ட வேண்டிய கட்டணம் என்று ஒருவர் அஞ்சுவதே இயல்பு. யாருடைய காப்பு, எதிலிருந்து காப்பு என்பதைச் சொல் சொல்லவில்லை. தூய்மை பேசும் நண்பர்களிடம் ஒன்றைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகிறேன். ‘ஏலம்’ என்பதே போர்ச்சுக்கீசிய ‘லெய்லாவ்’ வழியாக வந்த சொல் என்பர். அதை வெளியேற்ற இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம். ஏனென்றால் அது விளங்குகிறது.

எனக்குச் சரியென்று படுவது ‘கீழ்வரம்பு விலை’. இது நான் புதிதாகப் படைத்த சொல்லும் அன்று. 1961இல் தமிழ்நாட்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, ஆங்கிலத்தில் ‘சீலிங்’ என்றிருந்ததை நம் மக்கள் ‘கூரை’ என்று பெயர்க்கவில்லை; நில உச்சவரம்பு என்றார்கள். ஊர் ஊராக அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் அது விளங்கியது. வரம்பு என்பது அவர் நாளும் நடக்கும் வயல் வரப்புத்தான். மேலே உள்ள எல்லை உச்சவரம்பு என்றால் கீழே உள்ள எல்லை கீழ்வரம்பு. ‘ஃப்ளோர் பிரைஸ்’ என்பதைத் ‘தரை விலை’ என்று எழுதுகிறவர்கள் இந்த முன்மாதிரியை எண்ணிப் பார்க்க வேண்டும். கூரையை வேண்டாம் என்று விட்ட மொழிக்குத் தரை மட்டும் எதற்கு?

இந்த இணை டொமைன் துறைக்கு அப்படியே பொருந்துகிறது என்பதுதான் எனக்குப் பெரிய நிறைவு. ‘.காம்’ பெயர்கள் அனைத்தின் பதிவேட்டையும் நடத்தும் வெரிசைன் நிறுவனம், பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒவ்வோர் ஆறாண்டு ஒப்பந்தக் காலத்தின் கடைசி நான்கு ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை அதை உயர்த்தலாம் என்று 2018இல் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது. அதன்படி ஏறி ஏறி, 2024 செப்டம்பரில் அந்த விலை 10.26 டாலர் ஆனது. மறுவிற்பனைச் சந்தையில் அப்படி எந்த உச்சவரம்பும் கிடையாது, ‘வாய்ஸ்.காம்’ 2019இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. அங்கே இருப்பதெல்லாம் விற்பவர் தாமே இட்டுக்கொள்ளும் கீழ்வரம்பும், இன்ன தொகைக்குக் கீழே எதையும் பட்டியலிட வேண்டாம் என்று சில சந்தைகள் விதிக்கும் கீழ்வரம்புமே. ஒரே சொற்குடும்பத்தால் இவை அத்தனையையும் குழப்பமின்றிச் சொல்ல முடிகிறது.

‘கடைசி விலை’ என்ற மக்கள் வழக்கையும் எண்ணிப் பார்த்தேன். ‘கடைசி விலை சொல்லுங்க’ என்று கேட்காத பேரம் சென்னையில் கிடையாது. தரகரும் விற்பவரும் பேசிக்கொள்ளும் இடத்தில் அதைவிட நல்ல சொல் இல்லை, அங்கே அதையே எழுதலாம். ஏலத்தில் மட்டும் அது உதவாது. கடைசியாகக் கேட்ட உயர்ந்த தொகையையும் அது குறித்துவிடும். ‘அடிப்படை விலை’யோ கிரிக்கெட் ஏலத்தால் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. 2024 நவம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பண்டின் அடிப்படை விலை 2 கோடி ரூபாய், அவர் போனதோ 27 கோடிக்கு. அந்த 2 கோடி எல்லாரும் அறிந்த தொடக்கத் தொகை. டொமைன் ஏலத்தின் கீழ்வரம்போ பெரும்பாலும் மறைவானது. தொடக்க விலை 10 டாலராகவும் கீழ்வரம்பு 1,000 டாலராகவும் இருக்கலாம். வங்கி ஏலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால்தான் அங்கே இந்த வேறுபாடு நம் கண்ணில் படாமல் போயிற்று.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘ஆஃபர்’ என்றதும் கைபோன போக்கில் ‘சலுகை’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘குறைந்தபட்சச் சலுகை 500 டாலர்’ என்று ஒரு பக்கத்தில் படித்தேன். ஆடித் தள்ளுபடியில் பழகிய நமக்கு அது 500 டாலர் விலைக்குறைப்பு; அங்கே சொல்ல வந்ததோ 500 டாலருக்குக் குறைவாகக் கேட்காதீர்கள் என்பது. ஏலம் கேட்டான், கேள்வி ஏறியது என்று தமிழில் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ‘குறைந்தபட்சக் கேள்வி 500 டாலர்’ என்று எழுதியிருந்தால் அச்சகக்காரருக்கும் புரிந்திருக்கும், கல்லூரி மாணவருக்கும் புரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து, அது நிற்கும் இடத்தைப் பார்க்காமல், அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பாகாது. அந்தத் தொழிலைச் செய்யும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துபோகும் ஐயங்கள் இவை.

ஆகவே திரையில் வரும் வரிகளை இப்படி எழுதலாம். எல்லையைத் தொடாதபோது, ‘கேள்வி இன்னும் கீழ்வரம்பைத் தொடவில்லை’. தொட்டபின், ‘கீழ்வரம்பு எட்டப்பட்டது’. தொகையை வெளியிடவில்லை என்றால், ‘கீழ்வரம்பு உண்டு, தொகை மறைவானது’. எல்லையே வைக்காத ஏலத்துக்கு ‘வரம்பற்ற ஏலம்’ என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. வரம்பில்லாமல் எவ்வளவும் உயரலாம் என்று அது மேல்நோக்கியும் பொருள்படும். ‘கீழ்வரம்பு இல்லாத ஏலம்’ என்று முழுதாகவே எழுதலாம், திரையில் அதற்கு இடம் இருக்கிறது.