கூழும் குடலும்: ஏற்பிகள் காக்கும் அமைதி

ஆடி மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் மீலி மாவு (மக்காச்சோள மாவு) கூழில் புளித்த மோரைக் கலந்து, நறுக்கிய வெங்காயத்தைக் கடித்தபடி குடிக்கும்போது, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் இறங்குகின்றன. பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருப்பவை அவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். இக்கூட்டத்துக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் நடுவில் இருப்பவை சளிப்படலமும், அதனடியில் ஒரே ஒரு செல் கனமுள்ள சுவருமே. அப்படியிருந்தும் பெரும்பாலோரின் குடல் புண்ணாவதில்லை.

நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன்கள் எனும் சிறு புரதங்களை வெளியிட்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. இவற்றை அழற்சியை மூட்டுபவை, அணைப்பவை என்று இரண்டாகப் பிரித்துவிடும் வழக்கம் எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. செய்தியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் எந்தச் செல்லின் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இன்டர்லியூக்கின்-10 என்ற சைட்டோகைனை எடுத்துக்கொள்வோம். குடற்சுவரை அடுத்திருக்கும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் மேல் இதற்கான ஏற்பி இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. சைட்டோகைன் வந்து பொருந்தியதும் சங்கிலிகள் நெருங்கி வர, அவற்றின் உட்புற வால்களில் ஒட்டியிருக்கும் ஜாக்-1, டிக்-2 என்னும் நொதிகள் விழித்துக்கொண்டு, ஸ்டாட்-3 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அது செல்லின் கருவுக்குள் சென்று, டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின்-23 போன்ற அழற்சிச் சைட்டோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கிறது.

இன்டர்லியூக்கின்-10 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவது 1993இல் தெரியவந்தது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் அந்நோய் வருவதில்லை. 2009இல் மனிதரிலும் சான்று கிடைத்தது. பிறந்த ஓராண்டுக்குள்ளேயே கடுமையான குடல் அழற்சிக்கும் ஆசனவாயருகே புரைப்புண்களுக்கும் ஆளான குழந்தைகள் சிலரிடம் இந்த ஏற்பியின் மரபணுக்கள் பழுதாகியிருந்தன. இன்டர்லியூக்கின்-10 சுரந்தும், அதைக் கேட்கச் செவி இல்லை. வேறொருவரின் குருதி மூலச் செல்களைச் செலுத்தியபின் அவர்களுள் ஒரு குழந்தை தேறியது.

இன்டர்லியூக்கின்-23இன் ஏற்பி இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. வியப்பு என்னவென்றால், அதுவும் அதே ஸ்டாட்-3ஐத்தான் எழுப்புகிறது. ஆனால் அது டி செல் என்ற வேறொரு நோயெதிர்ப்புச் செல்லுக்குள் நிகழ்வதால், அழற்சியை வளர்க்கும் இன்டர்லியூக்கின்-17 பெருகுகிறது. இந்த ஏற்பியின் 381ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டமின் அமைந்தவர்களுக்குக் குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி வரும் வாய்ப்பு குறைவு என்று 2006இல் கண்டறியப்பட்டது. ஏற்பியின் வேகம் சற்றுத் தணிந்திருப்பதே அவர்களுக்குக் காப்பாகிறது.

மருந்துகளும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன. இன்ஃப்ளிக்சிமாப் டி.என்.எஃப்.ஐப் பிடித்துக்கொண்டு அதன் ஏற்பியை அடைய விடுவதில்லை. டோஃபாசிட்டினிப் செல்லுக்குள் நுழைந்து ஜாக் நொதிகளைத் தடுக்கிறது. ஆனால் நுரையீரலில் காசநோய்க் கிருமிகளைச் சூழ்ந்து சிறைவைத்திருக்கும் செல்முடிச்சுகள் கலையாதிருக்கவும் டி.என்.எஃப். வேண்டும். டர்பன் அமைந்துள்ள, காசநோய் மலிந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பலருடைய உடலில் அக்கிருமி ஓசையின்றி உறங்குகிறது. ஆகவே குடலுக்கு இத்தகைய மருந்தைத் தொடங்குமுன், மருத்துவர் நோயாளியின் மார்பைப் படமெடுத்துப் பார்ப்பதோடு, தோலிலோ குருதியிலோ காசநோய்ச் சோதனையும் செய்கிறார். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், முதலில் அதற்குரிய மாத்திரைகளையே தருகிறார்.