மேகசின் ஸ்பிரிங்குக்கு ஓய்வு தேவையில்லை

போன வாரம் ஒருவர் தன் பிஸ்டலைச் சோதித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். 9 எம்.எம். பிஸ்டல், 17 தோட்டா பிடிக்கும் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றி மாட்டும் கூடு. அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் தோட்டாக்களை மேலே தள்ளும். மூன்று வருடமாக அவருக்கு ஒரு பழக்கம். இரவு படுக்கப் போகும் முன் மேகசினைக் கழற்றி, அதில் இருக்கும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிடுவார். காலையில் எழுந்ததும் மறுபடி நிரப்புவார். ‘ராத்திரியாவது ஸ்பிரிங் தளர்வாக இருக்கட்டும், இல்லையென்றால் வலு போய்விடும்’ என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று இரவு ஃபோனில் பேசிக்கொண்டே இதைச் செய்ததில் வரிசை மாறிவிட்டது. முதலில் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுத்திருக்கிறார். சேம்பரில், அதாவது சுடுவதற்குத் தோட்டா போய் உட்காரும் இடத்தில், இருந்த தோட்டா வெளியே விழுந்தது. அப்புறம்தான் மேகசினைக் கழற்றினார். ஸ்லைடு முன்னால் திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் போய்விட்டது அவர் மனதில் படவே இல்லை. காலி என்று நினைத்து ட்ரிகரை அழுத்தினார். குண்டு அலமாரியைத் துளைத்து அடுத்த அறைச் சுவரில் போய்ப் பதிந்தது. அந்த அறையில் அவருடைய மகள் படித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துப்பாக்கியில் கோளாறு இருக்குமோ என்று கேட்டார். முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங்கிலும் இல்லை.

ஸ்பிரிங்குக்கு ‘ஓய்வு’ கொடுக்கப் போய் வெடித்து, இந்த வருடம் என் மேசைக்கு வந்த மூன்றாவது துப்பாக்கி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்த மேகசினில் தோட்டாவை நிரப்பி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்தாலும் ஸ்பிரிங் கெட்டுப்போகாது.

இதை நான் சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பழையபடி காலி செய்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. கையில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஐந்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது, இறக்கி வைத்தால் சரியாகிறது. ரப்பர் பேண்டை இழுத்து மாட்டி வைத்தால் சில மாதத்தில் தொய்ந்து அறுந்துபோகிறது. அதனால் அழுத்தத்தில் இருக்கும் எதுவும் களைத்துப்போகும் என்று மனது முடிவு செய்துவிடுகிறது. ஆனால் எஃகு தசையும் இல்லை, ரப்பரும் இல்லை. தசை சும்மா தாங்கிக்கொண்டு நிற்பதற்கே சக்தியைச் செலவழிக்க வேண்டும். ஸ்பிரிங் எதையும் செலவழிப்பதில்லை. அழுத்திய நிலையில் அது வேலை செய்யவில்லை, சும்மா இருக்கிறது. ரப்பர் காற்றிலும் வெயிலிலும் தானாகவே சிதைகிற பொருள். ஸ்பிரிங் எஃகு அப்படிச் சிதைவதில்லை.

‘உலோகச் சோர்வு’ என்று படித்திருப்பீர்கள். அந்தச் சொல்தான் பலரைக் குழப்புகிறது. சோர்வு என்றதும் ஓய்வு கொடுத்தால் தீரும் என்று தோன்றுகிறது. ஒரு மெல்லிய கட்டுக்கம்பியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளைத்துப் பாருங்கள். சில தடவையில் ஒடிந்துவிடும். இன்னொரு கம்பியை ஒரே ஒரு தடவை வளைத்துப் பத்து வருடம் அப்படியே வைத்திருங்கள். ஒடியாது. உலோகச் சோர்வு என்பது மாறி மாறி ஏறி இறங்கும் அழுத்தத்தால் வருவது. நிலையாக நிற்கிற அழுத்தத்தால் வருவது இல்லை. இடையில் கொடுக்கும் ஓய்வால் அது ஆறுவதும் இல்லை.

வாகனத்தின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள் முதல் வண்டியின் எடையைச் சுமந்தபடியே நிற்கின்றன. ராத்திரியில் யாரும் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி வைப்பதில்லை. எஞ்சினை நிறுத்தும்போது சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நிற்கும். அவற்றின் ஸ்பிரிங்குகள் அடுத்த முறை எஞ்சின் ஓடும்வரை அழுந்தித்தான் இருக்கும். அதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. மேகசினுக்கு மட்டும் இந்தச் சடங்கு எதற்கு?

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மூன்று வருடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் அந்த ஸ்பிரிங் முழுக்கச் சுருங்கி விரிந்திருக்கிறது. அதையும் அது தாங்கிக்கொண்டது, அது வேறு விஷயம். ஆனால் தேய்மானம் என்று ஒன்று உண்டென்றால் அதை அவர் கொடுத்த ‘ஓய்வு’தான் கொடுத்திருக்கும். நிரப்பி அப்படியே வைத்திருந்தால் ஸ்பிரிங் ஒரே ஒரு தடவைதான் சுருங்கியிருக்கும்.

விதிவிலக்கே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஒவ்வொரு எஃகுக்கும் ஒரு மீள்தன்மை எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் அழுத்தினால் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். தாண்டி அழுத்தினால் கொஞ்சம் குட்டையாகிவிடும். நல்ல மேகசினில் கடைசித் தோட்டா வரை நிரப்பினாலும் ஸ்பிரிங் அந்த எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் சின்னக் கூட்டுக்குள் கூடுதலாக இரண்டு தோட்டா கொள்ளும் என்று விளம்பரம் செய்கிற மேகசின்கள் இருக்கின்றன. அவற்றில் ஸ்பிரிங்குக்கு இடமே இருக்காது. மட்டமான கம்பியில் சுற்றிய மலிவு ஸ்பிரிங்குகளும் இப்படித்தான். இவற்றை முழுக்க நிரப்பி வைத்தால் வலு குறையலாம். ஒன்று குறைத்து நிரப்புங்கள், இல்லையென்றால் வேறு மேகசின் வாங்குங்கள். அதிகச் சூட்டிலும் எஃகு தளரும், ஆனால் சாதாரண ஸ்பிரிங் கம்பிக்கே அந்தக் கவலை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான். வீட்டுப் பெட்டிக்குள் அவ்வளவு சூடு வராது.

புது ஸ்பிரிங் முதல் சில தடவை அழுத்தியதும் சற்றே குட்டையாகும். அதை அளந்து பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்து உட்கார்வது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அதே நீளத்தில் நிற்கும்.

30 தோட்டா ரைபிள் மேகசினில் 28 மட்டும் போடும் பழக்கத்தையும் சிலர் எனக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வியட்நாம் போரில் எம்16 வைத்திருந்த வீரர்கள் 20 தோட்டா மேகசினில் 18 போட்டார்களே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் முழுக்க நிரம்பிய மேகசினை, மூடிய போல்ட்டுக்கு (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) அடியில் மாட்டும்போது மேல் தோட்டாவுக்குக் கீழே இறங்க இடம் இருக்காது. மேகசின் சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் போகலாம். ஒன்றிரண்டு குறைத்தால் பிரச்சினை இல்லாமல் மாட்டும். நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் போய்விடும் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது.

சரி, மேகசினில் உண்மையில் கெட்டுப்போவது எது? என்னிடம் வரும் மேகசின்களில் பெரும்பாலும் மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு விளிம்புகள்தான் பழுதாகியிருக்கும். ‘லிப்ஸ்’ என்போம். கீழே விழுந்து ஒன்று வளைந்திருக்கும், அல்லது இரண்டும் அகன்றிருக்கும். எஃகு உள்ளுறை இல்லாத வெறும் பிளாஸ்டிக் என்றால் நீண்ட நாள் அழுத்தத்தில் அது மெல்ல விரியவும் செய்யும். எஃகைப் போல இல்லாமல் பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் உண்டு. அதனால்தான் சில பிளாஸ்டிக் ரைபிள் மேகசின்களில், தோட்டாவைச் சற்றே கீழே அழுத்தி லிப்ஸ் மேல் பாரம் விழாமல் வைக்கும் மூடி தருகிறார்கள். மூடி இருந்தால் போடுங்கள். அப்புறம் கூட்டில் நசுங்கல், துரு, தூசி. உள்ளே தாராளமாக எண்ணெய் விடுகிறார்கள், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடுகிறது. மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம். அந்த எண்ணெய், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமருக்குள் புகுந்தால் தேவையான நேரத்தில் வெடிக்காமலும் போகும். ‘ஸ்பிரிங் போயிடுச்சு’ என்று கொண்டுவருவதில் பல, துடைத்தாலே சரியாகிவிடும்.

குழாய் மேகசின் உள்ள ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கவலைப்பட வேண்டியது ஸ்பிரிங்கைப் பற்றி இல்லை, தோட்டாவைப் பற்றி. அதன் கூடு பிளாஸ்டிக். மாதக்கணக்கில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருந்தால் நெளிந்து, புடைத்து, சேம்பருக்குள் நுழையாமல் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, நெளிந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

அந்த மனிதரின் விஷயத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கொண்டுவந்த தோட்டாக்களில் ஒன்று பார்வைக்கே குட்டையாக இருந்தது. அளந்தேன். மற்றவை எல்லாம் 29.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க, இது 28.3. தினமும் காலையில் அதே தோட்டா மேலே வந்திருக்கிறது, தினமும் அதுவே சேம்பருக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அதை வேகமாகத் தள்ளும்போது குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதுகிறது. மோதி மோதிக் குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் இறங்கிவிட்டது. 9 எம்.எம். தோட்டாவின் கூடு சின்னது. உள்ளே இடம் கொஞ்சம் குறைந்தாலும் சுடும்போது அழுத்தம் மிகவும் ஏறும். கூடு பிளந்து, துப்பாக்கி உடைந்து, விரல்கள் போகிற அளவுக்கு ஏறலாம். ஸ்பிரிங்கைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கையிலேயே ஒரு வெடியைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார், மூன்று வருடமாக. ஒரு தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றாதீர்கள். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவே கூடாது.

காலி செய்ய வேண்டிய தேவை வந்தால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மேகசின் வெளியே, அப்புறம் ஸ்லைடு. ஸ்லைடைப் பின்னால் பூட்டி சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். துப்பாக்கி முனை பாதுகாப்பான திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே. ஃபோனில் பேசிக்கொண்டே வேண்டாம், தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம். கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தவறு நடக்க ஒரு வாய்ப்பு. தேவையில்லாமல் தினமும் அந்த வாய்ப்பை உண்டாக்காதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். மேகசினை நிரப்பி வைத்தாலும் சரி, காலியாக வைத்தாலும் சரி, துப்பாக்கியின் சேம்பர் காலியாக, பூட்டிய பெட்டிக்குள், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

தோல் உறையில் தோட்டாவை நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் பதனிடும் ரசாயனத்தால் பித்தளைக் கூடு பச்சை பிடிக்கும். மேகசின்களில் மார்க்கரால் எண் எழுதி வையுங்கள், எது தகராறு செய்கிறது என்று தெரியும். கடைசித் தோட்டா ஏறாமல் நின்றாலோ, தோட்டா தீர்ந்தும் ஸ்லைடு பின்னால் நிற்காவிட்டாலோ, முதலில் துடையுங்கள், அப்புறம் லிப்ஸைப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் அதே நிறுவனத்தின் புது ஸ்பிரிங்கைப் போடுங்கள். மொத்த மேகசினை விட அது மலிவு.

இன்னும் சந்தேகம் தீரவில்லையென்றால் மேகசினைக் காலி செய்து எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதும். துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள், அது தேவைப்படாது.