மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன்

நாடித்துடிப்பைப் பார்ப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதும் மாணவர், நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்ததும் விரலை எங்கே வைப்பது என்று தடுமாறலாம். இந்த இடைவெளியை அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் ஒரு பிரமிடாக விளக்கினார். அடியில் அறிவு, அதற்கு மேல் அதைப் பயன்படுத்தத் தெரிவது, மூன்றாவதாகச் செய்துகாட்டுவது, உச்சியில் அன்றாட வேலையில் செய்வது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும்.

மூன்றாம் படியை அளப்பதுதான் ஆஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சக ஆசிரியர்களும் 1975-இலேயே அதை வெளியிட்டார்கள். பழைய முறையில் ஒரு மாணவருக்கு எளிய நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்குச் சிக்கலானவர், தேர்வாளரும் வேறு. ஆஸ்கியில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஆளுக்கொரு வேலை வைத்த இடங்கள், அதாவது ஸ்டேஷன்கள், வரிசையாக இருக்கும். ஒரு ஸ்டேஷனில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்ததில் பொம்மைக் கையில் ஊசி போட வேண்டும், இன்னொன்றில் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் மணி அடிக்கும், நகர வேண்டும்.

இத்தனை ஸ்டேஷன் எதற்கு? நெஞ்சுவலிக்காரரை அருமையாக விசாரித்தவர் வயிற்றுவலிக்காரரிடமும் அப்படியே செய்வார் என்று சொல்ல முடியாது. திறமை நோய்க்கு நோய் மாறுகிறது. அதனால் ஒரே நோயாளியிடம் ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு சின்னச் சூழல்களில் பார்ப்பது நம்பகமானது. ஒரு சோற்றுப் பதம் இங்கே செல்லாது.

ஸ்டேஷனில் நோயாளியாக இருப்பவர் பெரும்பாலும் அப்படி நடிக்கப் பயிற்சி பெற்றவர். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கிவைத்த வழி இது. எத்தனை மாணவர் வந்தாலும் அதே வலியை அதே மாதிரி சொல்வார்.

மதிப்பெண் போடுவதில்தான் எனக்கு அக்கறை அதிகம். 'கை கழுவினாரா, பெயரைச் சரிபார்த்தாரா' என்று டிக் அடிக்கும் பட்டியல் தொடக்க நிலை மாணவருக்குப் பொருந்தும். ஆனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் அதே பட்டியலில் மாணவர்களைவிடக் குறைவாக வாங்கியதும் உண்டு! அவர்கள் எல்லாக் கேள்வியையும் கேட்பதில்லை. மூன்று கேள்வியில் நோயை நெருங்கிவிடுவார்கள். அதனால் பட்டியலோடு, 'மொத்தத்தில் எப்படிச் செய்தார்' என்ற தேர்வாளரின் தீர்ப்பையும் சேர்த்துக் கேட்கிறார்கள். தேறுவாரா மாட்டாரா என்று தேர்வாளருக்கே சந்தேகமான மாணவர்கள் பட்டியலில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கணக்கிட்டு, அதையே தேர்ச்சிக் கோடாக வைக்கும் முறையும் இருக்கிறது. எல்லாத் தேர்வுக்கும் ஐம்பது என்று முன்கூட்டியே கோடு போடுவதைவிட இது எவ்வளவோ நியாயம்.

சரி, உச்சிப் படி? அதற்கு ஆஸ்கி போதாது. தேர்வு என்று தெரிந்ததும் எல்லோரும் கை கழுவுவார்கள். வார்டில், நிஜ நோயாளியோடு மாணவர் இருக்கும்போது, மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்து, அப்போதே குறைநிறை சொல்ல வேண்டியிருக்கிறது.