அமெரிக்காவில் சம வேலைக்குச் சம ஊதியம்: 180 நாள் கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்றால் அமெரிக்காவில் கைகொடுக்கும் முக்கியமான மத்தியச் சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1963-இன் சம ஊதியச் சட்டம். மற்றது, 1964-இன் சிவில் உரிமைகள் சட்டத்தில் வரும் 'டைட்டில் 7' என்ற பகுதி. குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் அங்கே வேலை பார்ப்பவருக்கும் இவை பொருந்தும். ஆனால் நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும், தேதி தவறினால் வழக்கு நிற்காது.

அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்த லில்லி லெட்பெட்டருக்கு நடந்தது அதுதான். 1997 முடிவில் அவர் சம்பளம் மாதம் 3,727 டாலர். அதே ஏரியா மேனேஜர் பொறுப்பில் இருந்த 15 ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286, அதிகபட்சம் 5,236. பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு மூலம்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார். ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சட்ட உச்சவரம்பால் அது 3,60,000 ஆகச் சுருங்கியது. 2007 மே 29 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதையும் தள்ளியது: டைட்டில் 7-இன்படி, சம்பளத்தை முடிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். அடுத்தவர் சம்பளமே தெரியாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மறுப்புத் தீர்ப்பை மன்றத்தில் உரக்கப் படித்து, இதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்.

2009 ஜனவரி 29 அன்று ஒபாமா கையெழுத்திட்ட லில்லி லெட்பெட்டர் நியாய ஊதியச் சட்டம் அதைச் சரிசெய்தது. பாகுபாடான முடிவின் விளைவாகக் குறைந்த சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் 180 நாள் புதிதாகத் தொடங்கும். லெட்பெட்டருக்கு அதனால் பணம் எதுவும் கிடைக்கவில்லை.

சம்பளப் பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அல்லது உள்ளூர் அமைப்பு இருக்கும் இடங்களில் கெடு 300 நாள். கலிபோர்னியாவில் 300, அலபாமாவில் 180. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை பொறுப்பார்கள். கம்பெனிக்குள் எச்.ஆரிடம் முறையிட்டு விட்டோம், யூனியன் பேசுகிறது என்று காத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

டைட்டில் 7-க்கு நிறுவனத்தில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும். முதலில் இ.இ.ஓ.சி. எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் போக வேண்டும், கட்டணம் இல்லை. அதன் இணையதளத்தில் முதற்கட்ட விசாரிப்பை (inquiry) பதிவு செய்வது மட்டும் புகார் ஆகாது. அதன் பிறகு நேர்காணல் நடக்கும். புகார் மனுவில் கையெழுத்திட்டால்தான் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். நேர்காணல் தேதி கெடுவைத் தாண்டிப் போகும்போலிருந்தால், கையெழுத்திட்ட கடிதமாகவே புகாரை அனுப்பிவிடலாம். ஆணையம் 'வழக்குத் தொடரலாம்' என்ற அறிவிப்புக் கொடுத்ததும் 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். பழைய சம்பள பாக்கி, புகார் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்கு மட்டுமே.

சம ஊதியச் சட்டத்தில் ஆணையத்திடம் போகாமல் நேரே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. தெரிந்தே செய்த மீறல் என்றால் மூன்று. ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நீளாது. பதவிப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பணியிடத்தில் திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச் சூழல் ஒத்திருக்க வேண்டும். பணிமூப்பு, தகுதி மதிப்பீடு, உற்பத்தியின் அளவு அல்லது தரம், பாலினம் சாராத வேறு காரணம் ஆகிய நான்கில் ஒன்றைக் காட்டி நிறுவனம் தப்பலாம்; ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அதற்கே. தோற்றால், சமமாக்குகிறேன் என்று ஆணின் சம்பளத்தை வெட்டவும் முடியாது.

லெட்பெட்டர் சட்டம் சம்பளத்துக்கு மட்டும்தான். வேலையை விட்டு நீக்கினாலோ பதவி உயர்வை மறுத்தாலோ, அந்த நாளிலிருந்தே கெடு ஓடும். ஓய்வுக்குப் பின் மாதாமாதம் வரும் பென்ஷன் காசோலையும் கெடுவைப் புதுப்பிக்காது.